பன்றிப் பள்ளத்துப் பொதுக் களஞ்சியம்

மலையடிவாரக் காட்டில் மூன்று பகுதிகள் இருந்தன. மேலே பாறைமேடு, அங்கே முயல்கள். நடுவே தோப்பு; அங்கே அணில்கள். கீழே ஏரிக்கரை; அங்கே நீர்க்கோழிகள்.

மூன்று பகுதிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பட்டினி வரும். ஆனால் ஒரே நேரத்தில் வராது. அடைமழையில் ஏரிக்கரை மூழ்கும். இலையுதிர் காலத்தில் தோப்பு காயும். கோடையில் பாறைமேட்டில் புல்லின் வேர்கூட மிஞ்சாது. ஒருத்தர் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் மற்ற இரண்டு வீட்டிலும் மிச்சம் மீதி மக்கிப்போகும்.

போன கோடையில் ஒரு முயல் தன் குட்டிகள் எல்லாவற்றையும் பட்டினிக்குப் பறிகொடுத்தது. அதே நாட்களில் தோப்பில் பழங்கள் காலில் மிதிபட்டுக் கிடந்தன என்று பிறகுதான் அதற்குத் தெரிந்தது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. மறுபடியும் சினையானபோது, "இந்தக் குட்டிகளையாவது காப்பாத்தணும்" என்று பாறைமேட்டை விட்டு இறங்கியது.

"அணிலண்ணே! நீர்க்கோழியக்கா! விளையுற காலத்துல மூணு பேரும் ஒரே இடத்துல சேர்த்து வைப்போம். யாருக்குப் பஞ்சமோ அவங்க எடுத்துக்கட்டும்!" என்றது.

"அட, இது இத்தனை நாளா நமக்குத் தோணலையே!" என்று வாலைத் தூக்கிக் குதித்தது அணில்.

"போன மழையில என் குஞ்சுங்க பசியிலயே போச்சுங்க. இதை நீ அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதது நீர்க்கோழி.

'முப்பகுதி முன்னேற்றக் கூட்டமைப்பு' என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பெயர் வைப்பதிலும் கை தட்டுவதிலும் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா?

அடுத்து ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. களஞ்சியத்தை எங்கே வைப்பது?

"எங்க தோப்புலதான்! பெரிய மரப்பொந்து இருக்கு. மழை படாது, கரையான் ஏறாது" என்றது அணில்.

அது உண்மை. அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீர்க்கோழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓகோ! அப்போ நீங்க முதலாளி, நாங்க உங்க வாசல்ல வந்து நிக்கணுமா? ஏரிக்கரையில வைங்க!"

"ஏரிக்கரையிலயா? ஊறவச்சுத் திங்கவா?" என்று சிரித்தது அணில். "பாறைமேட்டுக் குகையில வைக்கலாம்னா, முயலுக்குக் கொம்பு முளைச்சிடும்!"

இரண்டும் முயலைப் பார்த்தன. "தோப்பிலேயே இருக்கட்டும்" என்று முயல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்திருக்கும். குட்டிகளும் பிழைத்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தது. அதற்குள், 'முதுகுல மூணு கோடு இருக்குன்னே இந்த அணிலுக்கு இவ்வளவு மிதப்பு. களஞ்சியமும் கிடைச்சா நம்மைக் கண்ணெடுத்துப் பார்க்குமா?' என்று நினைத்தது. வார்த்தையை மென்று விழுங்கியது.

"மூணு பேர் இடத்துலயும் வேணாம். பன்றிப் பள்ளத்துல வைப்போம்" என்றது.

"பன்றி இருக்கிற இடமாச்சே!" என்றது அணில்.

"இருக்கட்டுமே! நம்ம மூணு பேர்ல ஒருத்தர் இடம் இல்லையே!" என்றது நீர்க்கோழி.

அணிலுக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று முகங்களும் மலர்ந்தன.

காட்டுப்பன்றி சேற்றில் படுத்திருந்தது. மூன்றும் பணிவாகப் போய் நின்றன.

"பன்றியாரே, உங்க பள்ளத்துல எங்க களஞ்சியத்துக்குக் கொஞ்சம் இடம் தரணும்."

"என்ன வைக்கப்போறீங்க?"

"கிழங்கு, கொட்டை, பழ வத்தல்."

"என் பக்கத்துலயா?" பன்றிக்கு நம்பிக்கை வரவில்லை. "நல்லா யோசிச்சீங்களா?"

"ஒருமனதா முடிவு பண்ணிட்டோம்!"

பாவம், பன்றிக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி தானாக வரவில்லை. ஊரே போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டது.

விளைச்சல் காலம் முழுவதும் மூன்று பகுதியும் சுமந்தன. வயிற்றில் குட்டிகளோடு முயலும் ஒவ்வொரு கிழங்காகப் பள்ளத்துக்கு உருட்டிக்கொண்டு போனது. வீட்டுக்கென்று யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பொதுக் களஞ்சியம்தான் இருக்கிறதே!

கோடை வந்தது. பாறைமேடு காய்ந்தது. குட்டிகள் அப்போதுதான் கண் திறந்திருந்தன. முயலுக்குப் பால் வற்றிவிட்டது. பன்றிப் பள்ளத்துக்கு ஓடியது. அங்கே தோலும் சக்கையும்தான் கிடந்தன.

"எங்க களஞ்சியம் எங்கே?" என்று கத்தியது முயல்.

"இதோ!" என்று வயிற்றைக் காட்டியது பன்றி.

"பாவி! உன்னை நம்பித்தானே வச்சோம்!"

"பொய் சொல்லாதே! என்னை நம்பியா வச்சீங்க? ஒருத்தரை ஒருத்தர் நம்பாம வச்சீங்க. நான் கேட்கவே இல்லையே!"

பன்றி திரும்பிப் படுத்துக்கொண்டது. முயல் தோப்புக்கும் ஏரிக்கரைக்கும் ஓடியது; எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டதால் அங்கேயும் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. பன்றியோடு மல்லுக்கு நிற்க அணிலால் முடியுமா, நீர்க்கோழியால் முடியுமா? அந்த வாரம் முயல் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின.

நீர்க்கோழி துக்கம் விசாரிக்கப் பாறைமேட்டுக்கு ஏறி வந்தது. அதன் குஞ்சுகளும் அரை வயிற்றில்தான் இருந்தன. செத்த குட்டிகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"மனசைத் தேத்திக்க, தங்கச்சி. போனது போச்சு. நல்லவேளை, அந்த அணிலுங்க கைக்குப் போகலை!"

முயல் கடைசிக் குட்டியின் மேல் சருகை இழுத்து மூடியது.

"ஆமாக்கா," என்றது. "அது ஒண்ணுதான் ஆறுதல்."

பக்கத்தில் இருப்பவர் தம்மை மிஞ்சிவிடக் கூடாது என்ற நினைப்போடு கூட்டுச் சேருகிறவர்கள், கடைசியில் பட்டினியில் மட்டும்தான் பங்காளிகள் ஆவார்கள்.