மெட்டின் சொந்தக்காரர்

ஐரீன் மிஸ்ஸிடம் கிட்டார் கற்க வந்தவர்களில் நாகலிங்கம்தான் மூத்தவர். குருவைவிடச் சிஷ்யருக்கு வயது அதிகம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரனும் பிறந்த பிறகு, பங்க் ராக் பாட வேண்டும் என்று பெரம்பூரில் மிஸ் வீட்டு வாசலில் வந்து நின்ற மனிதர். பங்க் என்றால் வேகம், கூச்சல், கிட்டாரில் மூன்றே சுரக்கூட்டு. வீட்டில் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

மனிதர் விடாமல் கற்றார். 'தண்ணி லாரி' என்று ஒரு பாட்டும் கட்டினார். வாழ்நாளில் அவர் தானாக உண்டாக்கியது அது ஒன்றுதான். சனிக்கிழமை மாலை, ஒரு சின்ன அரங்கில், அதை முதன்முதலாகப் பாட இருந்தார்.

வியாழக்கிழமை அவர் வகுப்புக்கு வந்தபோது மிஸ் ஒரு பழைய ரெக்கார்டைத் துடைத்து பிளேயரில் வைத்தார். கிட்டார் ஒலித்ததும் நாகலிங்கம் பிளேயர் பக்கம் குனிந்தார். 'தண்ணி லாரி' மெட்டு, அச்சு அசலாக.

"இது யாரு மிஸ்?"

"வெர்னன் டில். அமெரிக்காவுல ராக்கபில்லி பாடினவர். கிராமத்துப் பாட்டும் கறுப்பர்களோட தாளமும் கலந்தது. டான்ஸுக்குன்னு எங்கப்பா ஒரு கப்பல்காரர்கிட்ட வாங்கினார். வெர்னன் இந்த ஒரு ரெக்கார்டோட சரி. விக்கல. மனுஷன் பழையபடி மரம் அறுக்கற மில்லுக்கே போயிட்டார்."

"சத்தியமா நான் இதைக் கேட்டதே இல்ல மிஸ்."

"தெரியும்."

மிஸ் ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். லண்டன் பங்க் குழு ஒன்றின் பாட்டு. கல்லூரி நாட்களில் நாகலிங்கம் நாடா தேயத் தேயக் கேட்டது. அதே மெட்டுதான், இரண்டு மடங்கு வேகத்தில், தொண்டை கிழிய. அது தனக்குள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது அதுவரை அவருக்கு உறைக்கவே இல்லை.

"இந்தப் பசங்க வெர்னன்கிட்ட எடுத்தாங்க. நீங்க இந்தப் பசங்ககிட்ட எடுத்தீங்க."

நாகலிங்கம் கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "அப்ப நான் திருடன். சனிக்கிழமை வரலைன்னு சொல்லிடறேன்."

மிஸ் ரெக்கார்டை உறையில் இட்டு அவர் கையில் கொடுத்தார்.

"போங்க. உங்க பாட்டுக்கு முன்னாடி இதைப் போடுங்க. பேரையும் சொல்லுங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே மிஸ்."

"திருடன் சொந்தக்காரரைக் கையோட கூட்டிட்டுப் போவானா சார்?"

சனிக்கிழமை மிஸ்ஸின் பிளேயரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மேடையில் ரெக்கார்டைத் தூக்கிக் காட்டினார். "இவர் வெர்னன் டில். என் மெட்டு இவரோடது. எனக்கே வியாழக்கிழமைதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஊசியை இறக்கினார். தலை நிமிரவில்லை. யாரோ காலால் தாளம் போடும் சத்தம் கேட்டது. பிறகு அந்த வரிசையே போட்டது. ரெக்கார்ட் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு 'தண்ணி லாரி'யைக் கத்தினார். அரங்கம் குதித்தது.

இறங்கியதும் பச்சைத் தலைமுடிப் பெண் ஒருத்தி நேராக அவரிடம் வந்தாள். திருட்டைப் பற்றி இதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தார்.

"அங்கிள், அந்தப் பழைய பாட்டுக்காரர் பேர் இன்னொரு தடவை சொல்லுங்க." போனில் குறித்துக்கொண்டாள். "உங்க பாட்டு எங்க கிடைக்கும்?"

வீட்டுக்குத் திரும்பும்போது காய்ச்சல் விட்ட உடம்புபோல் இருந்தது அவருக்கு. அன்றுதான் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வகுப்பில் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"போன உயிர் திரும்பி வந்துது மிஸ். ஆனா ஒண்ணு. புதுசா ஏதாவது வாசிக்கலாம்னா, இது யாரோடதோன்னு கை நின்னுடுது."

"யாரோடதாவதுதான் இருக்கும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

மிஸ் ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்தார். மறுபக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்து, ஊசியை இறக்கினார்.

"கிட்டாரை எடுங்க சார். இந்தப் பக்கத்துலேருந்து இன்னும் யாரும் எடுக்கல."