தவசியின் வண்டிக்கு எஃப்.சி. வாங்கிய கதை

ஊமைக்குளத்து ஆட்கள் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. சொன்னதை அப்படியே செய்வார்கள். அப்படியே என்றால் அப்படியேதான்.

அந்த ஊர்த் தவசிக்கு வியாழக்கிழமை கல்யாணம். பெண், பக்கத்து ஊர் உலகம்மாள். தவசிக்குச் சொத்து என்று இருந்தது ஒரு பச்சை மோட்டார் சைக்கிள். பதினைந்து வயது தாண்டிய வண்டி. ஓடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஓடும், ஆனால் அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. சில நாள் ஒரே உதையில் கிளம்பும். சில நாள் நாற்பது உதை உதைத்துவிட்டுத் தவசி நடந்தே போவான்.

திங்கட்கிழமை, பெண்ணின் அப்பா வேலாண்டி வண்டியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவர் மனுஷரை நம்பமாட்டார், காகிதத்தைத்தான் நம்புவார்.

"மாப்ளே, வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சு போச்சே! வண்டி ஓடும்னு சர்க்கார் எழுதிக் குடுக்கிற பேப்பர் இல்லாத வண்டியில என் பொண்ணு ஏற மாட்டா. ஏறலைன்னா உம்ம வீட்டுக்கு எப்படி வருவா? வரலைன்னா கல்யாணம் எதுக்கு?"

வேறு வண்டியில் கூட்டிப் போகலாமே என்று தவசிக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நேராகக் கூட்டாளிகளிடம் ஓடினான். இசக்கி, பொன்னுத்துரை, கொம்பையா. இதில் கொம்பையாதான் விவரமானவன் என்று பேர். யார் வைத்த பேரோ தெரியாது.

"எஃப்.சி. யாருல குடுக்கா?" என்றான் தவசி.

"பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றான் கொம்பையா. வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்.

"அவரு என்னத்தைப் பாப்பாரு?"

"எலே, பேரே சொல்லுதுல்லா! கண் டாக்டர் கண்ணைத்தான் பாப்பாரு. அவருகிட்ட போய்க் காலைக் காட்டினா கோவப்படுவாரா மாட்டாரா?"

"கோவப்படுவாரு."

"அப்போ இவருகிட்ட முழு வண்டியையும் கொண்டுபோய் நிறுத்தினா?"

"அது மரியாதை இல்லல்லா" என்றான் இசக்கி, தலையை ஆட்டி.

செவ்வாய்க்கிழமை பிரேக்கை மட்டும் கழற்றி, புதுத் துண்டில் சுற்றி, பஸ் ஏறி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"பிரேக் சார்."

"வண்டி எங்க?"

"வீட்டுல நிக்கி சார்."

"பிரேக் இல்லாமலா?"

"சும்மாதானே நிக்கி சார். அதுக்கு எதுக்கு பிரேக்?"

இன்ஸ்பெக்டர் பிரேக்கைத் துண்டில் மறுபடி சுற்றித் தவசி கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: "இதை மறுபடி மாட்டுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டியை எடுத்துட்டு வாங்க."

ஊருக்குத் திரும்பிப் பிரேக்கை மாட்டினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பெரிய யோசனை நடந்தது.

"ஓட்டிட்டு வரச் சொன்னாரா, எடுத்துட்டு வரச் சொன்னாரா?"

"எடுத்துட்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுலே. தவசி வாழ்க்கை இதுலதான் இருக்கு."

"எடுத்துட்டுதான். என் காதால கேட்டேன்."

அதிகாரி சொல்லில் ஒரு எழுத்து பிசகக் கூடாது. புதன்கிழமை விடிந்ததும் இரண்டு மூங்கிலைக் கட்டி, வண்டியை மேலே ஏற்றி, நாலு பேரும் தோளில் எடுத்தார்கள். பதினொரு கிலோமீட்டர். எதிரே வந்த பஸ் மரியாதையாக ஒதுங்கி நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்:

"யாருப்பா போயிட்டது?"

"யாரும் போகல அண்ணாச்சி, நாங்கதான் போறோம்" என்றான் பொன்னுத்துரை. வழியில் ஒரு அம்மாள் பெட்ரோல் டாங்கின் மேல் செவ்வந்தி மாலை போட்டுவிட்டு அழுதாள். தவசிக்கும் அழுகை வந்தது. தோள் அப்படி வலித்தது.

ஆபீஸ் மைதானத்தில் இறக்கினார்கள். இன்ஸ்பெக்டர் மாலையைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிக்காரர்.

"லைட்டைப் போடு" என்றார்.

தவசி திருப்புளி எடுத்து முன் விளக்கைக் கழற்றினான். தலைக்கு மேலே தூக்கினான். மனசு வரவில்லை.

"சார், கண்ணாடி சார்..."

அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "போடுய்யா சீக்கிரம்!"

போட்டான்.

சத்தம் கேட்டு நிமிர்ந்தவருக்கு எங்கே எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அவசரமாக, "ஹாரன் அடி" என்றார். இசக்கி ஸ்பானரை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்தான். ஆறு வருஷமாக வாய் திறக்காத ஹாரன் வீரிட்டுக் கத்தியது. ஹாரன் பாஸ்.

"பிரேக்கைப் பிடி."

பொன்னுத்துரை தரையில் படுத்து இரண்டு கையாலும் பிரேக்கை அமுக்கிப் பிடித்தான். இன்ஸ்பெக்டர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பிரேக்கும் பாஸ். "விடு" என்று சொல்ல மறந்துவிட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போனபோது பொன்னுத்துரைக்குச் சோற்றை உருட்டி வாயில் போட்டது கொம்பையா.

"லைட்டு இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், நாளைக்குக் கல்யாணம் சார்" என்று தவசி தேம்பினான்.

"எதிர்க்கடையில புது லைட்டு இருக்கு. வாங்கி மாட்டு. போடாதே. மாட்டு."

மாட்டினான். "எரிய..." என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர், இசக்கி தீப்பெட்டியை எடுப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே போய் சுவிட்சை அழுத்தினார். விளக்கு எரிந்தது. வண்டியைத் தானே உதைத்தார். ஒரே உதை, கிளம்பியது! தவசி சாமி கும்பிட்டான். மடமடவென்று கையெழுத்து விழுந்தது.

"இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். அந்தப் பிரேக்கை விடுய்யா. போங்க, தயவுசெஞ்சு போங்க."

தவசி துள்ளி ஏறினான். தெரு முனையில் கொம்பையா கத்தினான்: "நிறுத்தாதேலே! அஞ்சு வருஷம் ஓடும்னு சர்க்கார் எழுதிக் குடுத்திருக்கு. நீ நிறுத்தினா பேப்பர் பொய்யாப் போயிரும்!"

"பொய்ப் பேப்பர் வண்டியில உலகம்மா ஏறுவாளா?" என்றான் இசக்கி.

ஏற மாட்டாள். தவசிக்கு அது நன்றாகப் புரிந்தது. ஊர்க் குளத்தங்கரையை விடிய விடிய முறை போட்டுச் சுற்றினார்கள். கூடவே ஓடிக்கொண்டு புனல் வைத்துப் பெட்ரோல் ஊற்றினார்கள். அந்த வண்டியும் தன் ஆயுசில் முதல் தடவையாக நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வந்து கல்யாணப் பந்தலைச் சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாக்கியமாக விஷயத்தைச் சொல்லி முடித்தான். வேலாண்டி பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"அஞ்சு வருஷம்னுதான் போட்டிருக்கு. மாப்பிள்ளை சொல்லுறது சரி. உலகம்மா, ஏறு!"

உலகம்மாள் சேலையைச் சொருகிக்கொண்டு நாலடி ஓடி, தாவி ஏறினாள். நாதஸ்வரக்காரர் பின்னாலேயே ஓடினார். "கட்டுப்பா, கட்டு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"நீங்க ஹாண்டிலை விடாதீங்க. நானே கட்டிக்கிடுதேன்" என்று தாலியை வாங்கி மூன்று முடிச்சும் அவளே போட்டுக்கொண்டாள்.

வண்டி ரோட்டில் ஏறி, வளைவில் மறைந்தது. வேலாண்டிக்குக் கண் கலங்கியது. பந்தியில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட்ட இரண்டு இலையையும் எடுக்க வந்த ஆளைப் பார்த்து அதட்டினார்:

"எலே, எடுக்காதே! அஞ்சு வருஷத்துல வந்துருவாக. ரசம் மட்டும் ஆறாம பாத்துக்கோ."