தளபதி தள்ளி வைத்த பத்துக் கொட்டைகள்

வெண்ணாவல் நாட்டை ஒரு காலத்தில் செருவேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் முன்னே போகும், யோசனை பின்னே வரும்.

அவனுடைய தளபதி மாறாயர் வயிற்றில் கட்டி வந்து படுத்துவிட்டார். தீராத நோய். அரண்மனை வைத்தியர் பரமானந்தர் தினமும் நாடி பிடித்துவிட்டு, "சுகமாக இருக்கிறார், பிரபு" என்பார். ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் காதில் முனகல் விழுந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் சபையில் ராஜாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சுகம் என்கிறீர், முனகலும் கேட்கிறது! அவர் படும் வேதனையை யாராவது அளந்து சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் நாடு கடத்திவிடுவேன்!"

தளபதிக்குப் பணிவிடை செய்யும் நல்லாத்தாள் முன்னே வந்தாள்.

"நான் அளக்கிறேன், மகாராஜா. பத்துப் புளியங்கொட்டை போதும்."

தளபதி எதற்கெடுத்தாலும் இவளையே கூப்பிடுகிறார் என்று வைத்தியருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "என் மூன்று விரல் போதும், யாருக்கு என்ன வலி என்று சொல்லிவிடுவேன். நோயாளி வாயைத் திறக்கவே வேண்டாம்!"

"அப்படியா ஐயா? மகாராஜாவுக்கே பார்த்துச் சொல்லுங்களேன்."

ராஜா கையை நீட்டினான். வைத்தியர் கண்ணை மூடி, "யானை பலம்! வலி என்ற பேச்சுக்கே இடமில்லை" என்றார்.

நல்லாத்தாள் கொட்டைகளை ராஜா முன் வைத்தாள். "வலி இல்லையென்றால் ஒன்றும் எடுக்க வேண்டாம். தாங்கவே முடியவில்லை என்றால் பத்தையும் எடுங்கள்."

ராஜா எட்டை எடுத்தான். "கடைவாய்ப் பல். மூன்று நாளாக உயிர் போகிறது! உனக்கெப்படித் தெரிந்தது?"

"வெற்றிலையை ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்கள். ஆனால் எட்டு என்று எனக்குத் தெரியாது மகாராஜா. அது வலிக்கிறவருக்குத்தான் தெரியும்."

எல்லோரும் தளபதியின் கட்டிலுக்குப் போனார்கள். நல்லாத்தாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலிக்கு ஆறு கொட்டை தள்ளினார். மூச்சுத் திணறலுக்கு இரண்டு. "மனசில் பயம் ஏதாவது?" என்றதும் பத்தையும் தள்ளினார்.

"என்ன பயம், தளபதி?" என்றான் ராஜா.

"கடைசிப் போரில் தோற்றுத் திரும்பினேன். நோயில் விழுந்தபின் நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் கோபத்தோடேயே போய்விடுவேனோ என்றுதான்..."

ராஜா கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "கோபமா? உங்களை இந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை, ஐயா."

அன்று வலி மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் வலிக்கு மூன்று, பயத்துக்கு ஒன்று. இன்னும் ஒரு மாதம் இருந்தார் மாறாயர். ராஜா வராத நாள் இல்லை.

நல்லாத்தாளை வைத்தியசாலைக்குத் தலைவியாக்கினான் ராஜா. வைத்தியரை நாடு கடத்தப் போனபோது அவள்தான் தடுத்தாள்: "மருந்து அவருக்கு நன்றாகத் தெரியும் மகாராஜா. கேட்கத்தான் தெரியவில்லை."

"அப்படியானால் இவள் பின்னாலேயே நடந்து கேட்கக் கற்றுக்கொள்ளும்!" என்றான் ராஜா வைத்தியரிடம்.

மறுநாள் காலை பரமானந்தர், படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு பழைய வாயிற்காவலனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உமக்கு எப்படி இருக்கிறது?"

கிழவர் கண் கலங்கிவிட்டது. "ஐந்து வருஷமாக என் கையைப் பிடிக்கிறீர்கள் சாமி. இன்றைக்குத்தான் என்னைக் கேட்டீர்கள்."