தண்ணீர் கேட்டு நின்ற கப்பல்கள்

வெண்மணல்துறையின் கடற்படைத் தலைவன் விழுப்பரையனுக்கு ஊரில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் அரசர். இன்னொருவர் குரத்தியார்.

துறவு பூண்டு பாடம் சொல்லும் பெண்ணை அந்த நாட்டில் குரத்தி என்பார்கள். இந்தக் குரத்தியார் அவனைவிட வயதில் இளையவர். நரைத்த மீசையோடு போய் அவர் முன்னால் மண்ணில் உட்காருவது அவனுக்கு ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அன்று காலை வந்தபோது அவன் முகம் சரியில்லை.

"அம்மா, சங்குத்தீவுக்குப் போறேன். எத்தனை கப்பல் கொண்டு போகட்டும்?"

விஷயம் ஊருக்கே தெரியும். வெண்மணல்துறை வணிகர்களின் கப்பல் ஒன்று சங்குத்தீவுக்காரர்கள் முத்துக் குளிக்கும் கடலில் கேட்காமல் கொள்ளாமல் ஆள் இறக்கியிருந்தது. தீவுக்காரர்கள் கப்பலையும் ஆட்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிடிபட்டவர்களில் ஆதன் என்பவன் விழுப்பரையனின் தங்கை மகன். தங்கை அன்றிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. அண்ணன் முகத்தில் விழிக்கவும் இல்லை.

அரசரோ, 'கேட்டால் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் அவர்கள் துறையைக் கொளுத்திவிட்டு வா' என்று சொல்லிவிட்டார். கொளுத்தினால் முதலில் வேகப்போவது உள்ளே அடைபட்டுக் கிடக்கும் நம் பையன்கள்தான் என்பது சிம்மாசனத்திலிருந்து பார்த்தால் தெரியாது போலிருக்கிறது.

"மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டார் குரத்தியார்.

"ஏழு."

"எனக்குப் பிச்சைக்கு நேரமாச்சு, அரையரே. கூட வாங்க. வாள் இடுப்பிலேயே இருக்கட்டும்."

உப்பு விற்கும் நாச்சியின் வீட்டுக்குப் போனார்கள். நாச்சி வாயாடி. ஒரு பிடி சோறு போடுவதற்குள் ஒன்பது கதை சொல்வாள். குரத்தியார் விழுப்பரையனை அவள் வாசற்படியிலேயே நிறுத்தினார். நாச்சி வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள், வாளைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சோற்றுப் பானையையே தூக்கி வந்து பிச்சைப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருவுக்கு வந்ததும் குரத்தியார் சொன்னார்: "பார்த்தீங்களா, பானை முழுக்கக் கிடைச்சது."

"நான் ஒண்ணுமே செய்யலையேம்மா. சும்மாதானே நின்னேன்!"

"ஆமா. சும்மாதான் நின்னீங்க."

மறுநாள் போனபோது நாச்சியின் கதவு சாத்தியிருந்தது. குரத்தியார் குரல் கொடுத்துப் பார்த்தார். உள்ளே நடமாட்டம் சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது, எதிர் வீட்டுக் கதவும். அன்று குரத்தியார் சாப்பிடவில்லை.

விழுப்பரையனுக்கு வெட்கமாக இருந்தது. "என்னால உங்களுக்குப் பட்டினி. நாளைக்கு வாளை வீட்டில வெச்சிட்டு வர்றேன்."

"வேண்டாம். அவதான் பார்த்துட்டாளே. வெறுங்கையோட வந்தா எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு தேடுவா. வாளோடவே வாங்க. ஆனா, வரும்போது தண்ணி குடிச்சிட்டு வராதீங்க."

மூன்றாம் நாள் அவனைத் தெருக்கோடியில் ஒரு புங்கமரத்தடியில் நிறுத்தினார்.

"இங்கேயே நில்லுங்க. அவ கண்ணுக்குத் தெரியணும். அவ கதவுக்கு எட்டக் கூடாது."

"நின்னு?"

"தாகம் எடுத்தா கேளுங்க."

அவனுக்குத் திக்கென்றது. அந்தக் கடற்கரை முழுக்க, தீவுகளிலும்கூட, ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த வீட்டின்மேல் கை ஓங்கமாட்டார்கள். ஓங்கியவனுக்குப் பெற்ற தாய்கூடச் சோறு போடமாட்டாள். அதனால் பகையாளி வாசலில் நாக்கு வறண்டு விழுந்தாலும் விழுவார்களே தவிர, தண்ணீர் கேட்கமாட்டார்கள். கடற்படைத் தலைவனோ எங்கே போனாலும் தண்ணீரைக் கையோடு கொண்டு போகிறவன். அவன் போய் ஓர் உப்புக்காரியிடம் கேட்பதா!

வெயில் உச்சிக்கு ஏறியது. வீம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? கடைசியில் குரல் கொடுத்தான்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

கதவு விரல்கடை அளவு திறந்தது. மறுபடி சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து நாச்சி சொம்போடு பாதித் தெரு வரை வந்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். அவன் போய் எடுத்து அண்ணாந்து குடித்தான். குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"முந்தாநாள் இந்த வாய் எங்கேய்யா போயிருந்துச்சு?"

அன்று மாலையே விழுப்பரையன் துறைக்குப் போனான். ஏழு கப்பல்களிலும் மாதக்கணக்கில் தாங்கும் அளவுக்குத் தண்ணீர் ஏற்றியிருந்தார்கள்.

"போய்ச் சேர மட்டும் இருக்கட்டும். மிச்சத்தைக் கொட்டுங்க" என்றான்.

"திரும்பி வர?"

"கேட்டு வாங்கிக்கலாம்."

தலைவருக்கு மண்டை கலங்கிவிட்டது என்று மாலுமிகள் பேசிக்கொண்டார்கள். அவனுக்கே உள்ளூர நடுக்கம்தான். தீவுக்காரர்கள் கொடுக்காவிட்டால் ஏழு கப்பல் உயிர்களும் அவன் கணக்கில்தான் சேரும்.

சங்குத்தீவின் துறைக்குள் அவன் நுழையவில்லை. கரையிலிருந்து பார்த்தால் ஏழும் தெரியும்படி, அம்பு எட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டான். ஒரு சின்னப் படகில் ஆளனுப்பி இரண்டு சேதி சொல்லச் சொன்னான். எங்கள் ஆட்கள் உங்களைக் கேட்காமல் உங்கள் கடலில் இறங்கியது தப்பு. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆதனைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று படகுக்காரனிடம் சொல்லி அனுப்பினான்.

அன்று பதில் இல்லை. மறுநாள் மதியமும் இல்லை. பீப்பாய்களில் அடிமண்டித் தண்ணீர்தான் மிச்சம். மாலுமிகள் அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் படகுகள் வந்தன, குடம் குடமாகத் தண்ணீரோடு. துடுப்புப் போட்டவர்கள் பிடிபட்டிருந்த வெண்மணல்துறை ஆட்கள். முன் படகில் தீவுத் தலைவன் உட்கார்ந்திருந்தான். முதல் குடத்தைத் தூக்கிக் கொடுத்தவன் ஆதன். இளைத்துப் போயிருந்தான்.

"மெதுவாக் குடிங்க மாமா, புரையேறப் போகுது."

விழுப்பரையன் அழுதான். ஏழு கப்பல் ஆட்களுக்கும் முன்னாலேயே அழுதான்.

பிடிபட்டவர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தங்கை வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் குரத்தியாரைப் பார்க்க வந்தபோது அவன் முகம் மறுபடியும் சரியில்லை.

"அம்மா, கிளம்பும்போது தீவுத் தலைவன் ஒண்ணு சொன்னான். 'நீங்க ஏழு கப்பல்ல வந்து தண்ணி கேட்டீங்க, கொடுத்தோம். ஒருநாள் நாங்களும் உங்க துறைக்கு வருவோம்'னான்."

"சிரிச்சுக்கிட்டுச் சொன்னானா, முறைச்சுக்கிட்டா?"

"ரெண்டும் இல்லை. அதுதான் எனக்குத் தூக்கம் வரலை. கப்பல்ல வில்லாளிங்க இருப்பாங்கம்மா."

"உங்க கப்பல்ல இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே கேட்டான்.

"அரசர்கிட்ட என்னன்னு சொல்லட்டும்? துறைவாயில சங்கிலி கட்டச் சொல்லட்டுமா? இன்னும் ஏழு கப்பல் கட்டச் சொல்லட்டுமா?"

குரத்தியார் பிச்சைப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். உப்புக்கார நாச்சியின் கதவு திறந்திருந்த நேரம் அது.

"குடங்களைக் கழுவி வைக்கச் சொல்லுங்க."