இறால் தடவிய வழி

புயல் அலை ஒரே நாளில் மனைவியையும் மகளையும் கொண்டுபோன பிறகு, சிகாமணி கழிமுகத்துச் சேற்றோரம் குடிசை போட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தார். ஊருக்கும் கடலுக்கும் நடுவே அலையாத்திக் காடு எழும்ப வேண்டும், இன்னொரு குடும்பம் இப்படிப் போகக் கூடாது. மனதில் அது ஒன்றுதான். நட்ட கன்றுகளை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று சுற்றிலும் வேலி கட்டினார். வந்தவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டினார். அப்புறம் யார்தான் எட்டிப் பார்ப்பார்கள்? நாள் கணக்கில் பேச்சுத் துணைக்கு நாதியில்லை.

கன்றுகளாவது பிழைத்தனவா, அதுவும் இல்லை. இரண்டு வருடம் கருகின. மூன்றாம் வருடமும் இலை பழுக்கத் தொடங்கியதும் மனிதர் உடைந்தே போனார். வெட்கத்தை விட்டு, அக்கரைக் காட்டை வளர்த்த கன்னியம்மாவிடம் போய் நின்றார். கையால் தடவி இறால் பிடிக்கிறவள், அவரைவிட இருபது வயது சின்னவள்.

“தாயி, உன்னைக் குருவா நெனச்சுக் கேக்கறேன். என் செடி மட்டும் ஏன் சாகுது?”

அவள் கூடவே வந்தாள். வேலிக்குள் நுழைந்து சேற்றுத் தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தாள்.

“நீங்களும் உக்காருங்கய்யா.”

உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கு?”

“சுடுது.”

“வேலிக்கு வெளிய கையை விட்டுப் பாருங்க.”

“அட, குளுகுளுன்னு இருக்கே!”

“இங்க தண்ணி வந்து போகலை. தேங்கிச் சுண்டி உப்பேறிப்போச்சு. முன்னே நாங்க பதினெட்டுப் பொம்பளைங்க, பறிக்கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, இந்த வழியாத்தான் முட்டி போட்டு இறால் தடவிட்டுப் போவோம். போய்ப் போய் அது வாய்க்கால் ஆயிருச்சு. கடல் தண்ணி அதுலதான் ஏறி எறங்கும். நீங்க வேலி போட்டு எங்களை வெரட்டுனீங்க, நடக்க ஆளில்லாம தூர்ந்துபோச்சு.”

“ஐயோ, பாவி நானே கொன்னுட்டேனே!” தலையில் அடித்துக்கொண்டார் சிகாமணி. பிறகு விருட்டென்று எழுந்தார். “வேலியைப் பிடுங்கிடறேன். மண்வெட்டி இருக்கு, நானே வாய்க்கால் வெட்டிடறேன்.”

“வெட்டலாம். அடுத்த மழைக்கு மூடிக்கும். அந்தப் பொம்பளைங்க திரும்ப நடந்தாத்தான் நிக்கும்.”

“நீ சொன்னா வருவாங்கல்ல?”

“வெரட்டுனது நான் இல்லியே.”

அவர் குனிந்து ஒரு கன்றின் பழுத்த இலையைக் கிள்ளி எடுத்தார்.

“நான் போய்க் கூப்பிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னா?”

கன்னியம்மா எழுந்து சேலையைப் பிழிந்தாள்.

“திருப்பிக்கத்தான் செய்வாங்க. மறுநாளும் போங்க.”