வீட்டுக்கு வீடு செங்கண்ணன்

"சாமி, நான் நிக்கட்டுமா, வேண்டாமா?"

கேட்டவர் தளபதி செங்கண்ணன். ஈச்சமலைச் சாமியார் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். தளபதியைவிடப் பத்து வயது சின்னவர்.

அந்த நாட்டில் அரசர் கிடையாது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு மக்களே தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆற்றங்கரைப் போரில் வென்று வந்த நாளிலிருந்து தளபதி வீட்டு வாசலில் ஓயாத கூட்டம். இந்த முறை நீங்கள்தான் நிற்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"என் பேரு தெரியாத வீடே இல்ல, சாமி."

"அப்படியா? எனக்குப் பசிக்குது. வாங்க, பிச்சைக்குப் போவோம்."

தளபதி காவி கட்டினார். நாடே அறிந்த மீசையை ஒரு துண்டால் மறைத்துக்கொண்டார்.

முதல் வீட்டில் ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது வாயைத் திறப்பேனா என்றது.

"இப்ப திறக்கல, செங்கண்ணன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்!"

குழந்தை வீறிட்டது. திறந்த வாயில் ஒரு கவளம் போனது.

"பாத்தீங்களா சாமி, பேரு எப்படிப் பரவியிருக்கு!" என்றார் தளபதி. குரலில் அவ்வளவு தெம்பில்லை.

இரண்டாம் வீட்டை நெருங்கும்போதே, "செங்கண்ணா! டேய் செங்கண்ணா!" என்று ஒரு குரல்.

கண்டுபிடித்துவிட்டார்களே என்று தளபதி நெஞ்சை நிமிர்த்தினார். அவர் காலுக்கிடையே புகுந்து ஒரு சேவல் ஓடியது. பின்னாலேயே வீட்டுக்காரர்.

"சண்டையில ஜெயிக்குமா?" என்று கேட்டார் சாமியார்.

"எங்க சாமி! கூவுறதோட சரி."

தளபதி துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் வீட்டில் ஓர் அம்மாள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் இருவருக்கும் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள்.

தளபதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நீங்க யாருக்கும்மா ஓலை போடப் போறீங்க?"

"செங்கண்ணனுக்குத்தான். வேற யாருக்கு?"

தளபதி முழங்கையால் சாமியாரை இடித்தார். "அவ்வளவு பெரிய வீரரா அவரு?"

"அதெல்லாம் நான் என்னத்தைக் கண்டேன்? தலைவராயிட்டா நாற்காலியில உக்காந்திருப்பாரு. படையைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போகமாட்டாரு. என் பெரியவன் அவரு பின்னால போனவன்தான், வரல. சின்னவனாவது வீட்டோட கிடக்கட்டுமே."

சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

தளபதியின் கையில் கூழ் அப்படியே இருந்தது.

துண்டு நழுவி விழுந்தது. அவர் எடுக்கவில்லை. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். முறத்தோடு கை நின்றுபோனது.

"கிளம்பலாமா?" என்றார் சாமியார்.

தளபதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மாளுக்கு எதிரே, உமி சிதறிக் கிடந்த தரையில் உட்கார்ந்தார்.

"உங்க பெரிய பையன் பேரு என்னம்மா?"