நாரைக்குத் துணை போன ஊர்

ஆவாரங்குடிக்காரர்களிடம் ஒரு காரியத்தைச் சொன்னால் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். அதனாலேயே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் அந்த ஊர்க் கண்மாய்க்கு நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்பது ஊர்க் கணக்கு. ஆகவே தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் உண்டு; தவில்காரர் விரல் நுனியால் தடவிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார். எந்த வீட்டு மரத்தில் கூடு கட்டுகிறதோ, அந்த நாரை அந்த வீட்டுப் பெண். சேவுகன் வீட்டுப் புளியமரத்து நாரைக்கு மூத்தவ என்று பெயர். ஆண்பிள்ளைகளாகவே பெற்ற சேவுகனுக்கு அவள்தான் ஒரே மகள்.

அந்த வருஷம் ஊருக்கும் கண்மாய்க்கும் குறுக்கே புதிதாக மின்கம்பி போட்டார்கள். குஞ்சுகளுக்கு இரை எடுத்து வந்த மூத்தவ அதில் அடிபட்டு வயல் சேற்றில் விழுந்தாள். சேறு என்பதால் உயிர் தப்பியது. ஓர் இறக்கை மட்டும் சற்றுத் தொங்கியது; பறக்கத் தடையில்லை. குஞ்சுகளோ கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் சில நாளில் பறந்துவிடும். பறந்தால் கண்மாய்க்குத்தான் போகும். போகிற வழியில் கம்பி. சேவுகனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்த் தலைவரான அம்பலம் அடைக்கன் சொல்லி அனுப்ப, மின்சார ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். இந்தப் பக்கத்துக்குப் புதிது.

“கம்பி மெலிசு. பறக்கிற வேகத்துல பறவையோட கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சுத் தட்டு கேட்டிருக்கேன். கம்பியில தொங்கவிட்டா காத்துல சுத்தும், பறவை பார்த்து விலகிடும். தட்டு வர்ற வரைக்கும் யாரும் கம்பம் ஏறக் கூடாது, கம்பியைத் தொடக் கூடாது. எப்படியாவது அதுங்க கவனத்தைக் கம்பிப் பக்கம் திருப்புங்க, போதும்.”

அதிகாரி போனதும் ஊர் கூடியது.

“கவனம் எதுல திரும்பும்?” என்றார் அம்பலம்.

“நத்தையில, மாமா” என்றான் சேவுகன். மகளுடைய ருசி தகப்பனுக்குத் தெரியாதா?

ஊரே வயலில் இறங்கி நத்தை பொறுக்கிற்று. கம்பிக்கு நேர் கீழே நெடுகக் கொட்டினார்கள். மறுநாள் காலையில் கண்மாயில் ஒரு பறவை இல்லை. எல்லாம் கம்பியடியில். ஒன்று இறங்க, ஒன்று ஏற, கம்பியை உரசிக்கொண்டு போய்வந்தன. சேவுகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

“திரும்பிடுச்சு மாப்ளே” என்றார் அம்பலம் திருப்தியாக.

“திரும்புனது போதும் மாமா, அள்ளச் சொல்லுங்க!”

கொட்டிய நத்தையை அள்ளுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அம்பலம் அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அதிகாரி அவசரமாகச் சொன்னார்:

“இனிமே நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். அதுங்க மேல இருந்து கண்ணை எடுக்காம இருங்க. அது போதும்.”

சேவுகன் பெண்டாட்டி வள்ளிமயிலுக்கு இது முன்பே தெரியும். “நான் அன்னிக்கே சொன்னேன். பிள்ளை பெத்தவளைத் துணையில்லாம வெளிய அனுப்புவாங்களா?” என்றாள்.

வீட்டுக்கு ஓர் ஆள் துணைக்குப் போவதென்று முடிவாயிற்று. காலையில் நாரைகள் கிளம்ப, அதனதன் வீட்டார் அதனதன் அடியில், பிள்ளை பெற்றவளுக்குக் காவலாக ஒரு கையில் வேப்பிலை, ஒரு கையில் இரும்பு, அண்ணாந்த தலை. மூத்தவளுக்குக் கீழே சேவுகன் ஓடினான்.

“மூத்தவளே, மேல தூக்கு! கம்பி வருது, கம்பி!”

மூத்தவ தூக்கினாள். கம்பிக்கு மேலே அழகாகத் தாண்டிப் போனாள். சேவுகன் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி ஓடி மின்கம்பத்தில் மோதினான். அடுத்த கம்பத்தில் அம்பலம். வள்ளிமயில் வாய்க்காலில் இருந்தாள். சாயங்காலம் பறவைகள் திரும்பும்போது எல்லோரும் மறுபடி மோதினார்கள். ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

சில நாள் கழித்து அதிகாரி போனில் கேட்டார்: “இப்ப மோதல் ஏதும் உண்டா?”

“தினமும் உண்டுங்க. காலையிலயும் உண்டு, சாயந்திரமும் உண்டு” என்றார் அம்பலம், நெற்றியைத் தடவிக்கொண்டே.

அதிகாரி பதறிப்போனார். அன்றைக்கே ஒரு பெட்டி நிறையத் தட்டு அனுப்பிவைத்தார். “நாளைக்கு லைன்மேனோட நானே வர்றேன். அதுக்குள்ள, எந்தெந்த இடத்துல அடி விழுதோ, கம்பியைத் தொடாம அந்தந்த இடத்துல அடையாளத்துக்கு ஒரு தட்டு கட்டி வையுங்க.”

ஊர் மறுபடி கூடியது.

“கம்பத்துல கட்டிருவோம்” என்றான் சேவுகன்.

“அவசரப்படாத மாப்ளே. கம்பம் நட்ட இடத்துல சிவனேன்னு நிக்குது. அதுக்கு ஏதாவது வீங்கியிருக்கா?”

“இல்லை.”

“அப்ப அடி விழுந்தது எதுல?”

கூட்டம் முழுக்க நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

“அதான்” என்றார் அம்பலம்.

மறுநாள் விடிந்தது. அன்றைக்கென்று பார்த்துக் குஞ்சுகள் முதல்முதலாகக் கூட்டை விட்டு எழும்பின. மூத்தவ முன்னால், குஞ்சுகள் பின்னால். கீழே ஆவாரங்குடி முழுக்கத் திரண்டு நின்றது, நெற்றிக்கு நெற்றி ஆரஞ்சுத் தட்டு காற்றில் படபடவென்று சுற்ற.

மூத்தவ ஒரு தடவை கீழே பார்த்தாள். அப்படியே வெட்டித் திரும்பி, ஊருக்கு மேற்கே, ஆளும் மரமும் இல்லாத பொட்டல் வழியாகச் சுற்றிக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். குஞ்சுகளும் அவள் பின்னாலேயே போயின. அவற்றைப் பார்த்து மற்ற நாரைகளும். கம்பிப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

ஜீப்பை விட்டு இறங்கிய அதிகாரி வானத்தைப் பார்த்தார். பிறகு ஊர்க்காரர்களைப் பார்த்தார். “எப்படியோ, பறவைங்க தப்பிச்சது. சந்தோஷம்” என்றார்.

“எங்கய்யா சந்தோஷம்?” என்று சேவுகன் முன்னால் வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். “எம் பிள்ளைங்க பொட்டல் வழியா போகுதுங்களே, அங்க ஒரு பாதுகாப்பு உண்டா? ஒரு தட்டு தொங்கவிடலாம்னா ஒரு கம்பிகூட இல்லை.”

“அதான் ஊர் சார்பா கேட்டுக்கறோம்” என்றார் அம்பலம். “பொட்டல்ல நாலு கம்பத்தை நட்டு ஒரு கம்பி இழுத்துக் குடுங்க.”

அதிகாரி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப உசரத்துல வேணாங்கய்யா” என்றான் சேவுகன். “குஞ்சுங்க இப்பத்தான் பறக்கப் பழகுதுங்க.”